அடிமைகள் ஆண்ட கதையும் என் அண்ணையும்

1

இன்றைக்கு அம்மாவின் ஆண்டுத்திவசம். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்குக் குருக்கள் வந்திருப்பார். சித்தப்பா கதிரையில் இருந்துகொண்டு எல்லாவற்றிலும் பிழை பிடித்துக்கொண்டிருப்பார். அண்ணை தலைக்கு வார்த்துவிட்டு ஈரவேட்டியோடு நிற்பார். நான் பெர்லினில் ஒரு அருங்காட்சியகத்தின் உடைமாற்றும் அறையில், கழுத்துப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணையின் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன்.

லீவு கேட்டுப் பார்த்தேன். தாய் இறந்ததற்குப் போன வருடமே லீவு எடுத்துவிட்டீர்களே என்றாள் அலுவலகத்துப் பெண். ஓம், அதே தாய்தான் என்றேன். ஒரே ஆளின் மரணத்துக்கு இரண்டு முறை லீவு கொடுக்கும் பழக்கம் இந்த நாட்டில் இல்லை என்பதை அவள் மிகவும் மரியாதையாக எனக்கு விளங்கப்படுத்தினாள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் திவசம் என்றால் என்ன என்று ஜெர்மன் மொழியில் ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. "செத்தவருக்குச் சாப்பாடு கொடுக்கும் நாள்" என்று சொன்னேன். அவள் அனுதாபத்தோடு என்னைப் பார்த்தாள்.

என் வேலை மூன்றாம் மண்டபத்தைக் காவல் காப்பது. காவல் என்றதும் ஊரில் இருப்பவர்கள் துவக்கோடு நிற்பதாக நினைக்க வேண்டாம். கறுப்புச் சூட்டும் ஒரு வோக்கிடோக்கியும்தான். கண்ணாடியில் கை வைக்காதீர்கள் என்று சொல்வதற்கே எனக்குச் சம்பளம். எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த பழைய பித்தளைச் சாமான்கள் அந்த மண்டபத்தில் இருக்கின்றன. நான் நிற்கும் இடத்துக்கு நேரே, ஒரு சின்னப்பிள்ளையின் உயரத்தில் ஒரு விளக்குத்தண்டு. எங்கள் குத்துவிளக்கைவிட நல்ல பருமன். அதன் உடம்பைச் சுற்றி வெள்ளி இழைத்த எழுத்துகள், எழுத்துகளுக்கு நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கிண்ணம்.

அந்தக் கிண்ணத்தை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது என்னவென்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதைச் சொல்லித் தந்தது என் மகள் ஆரணி.

2

ஆரணி பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். அவள் டொக்டராக வருவாள் என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். அது நடக்கவில்லை என்பதை மனைவி இன்னும் சிலரிடம் சொல்லவில்லை. ஒருநாள் என் வேலையிடத்துக்கு வந்தவள், விளக்குத்தண்டுக்கு முன்னால் குந்தியிருந்து அந்த எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினாள். தமிழில் தன் பெயரை எழுத யோசிக்கிற பிள்ளை அரபு வாசிப்பதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அந்த விளக்கின் சொந்தக்காரன் ஒரு பெரிய தளபதியாம். ஆனால் சிறுவனாக இருந்தபோது, கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளிகளிலிருந்து வியாபாரிகள் கொண்டுவந்து கெய்ரோவில் விற்ற அடிமை. அப்படி வாங்கிய பிள்ளைகளுக்குப் பழைய பெயரும் இல்லை, பழைய கடவுளும் இல்லை. புதுப் பெயர் வைத்து, படைவீட்டில் வளர்த்து, குதிரையும் வாளும் பழக்குவார்கள். பயிற்சி முடிந்ததும் விடுதலைப் பத்திரம் ஒன்றும் குதிரை ஒன்றும் கொடுப்பார்கள். இவன் சுல்தானுக்குக் கிண்ணத்தில் குடிக்கக் கொடுக்கும் பையனாக இருந்தவன். தளபதியாகி, ஊர்களைக் கட்டி ஆண்ட பிறகும் அந்தக் கிண்ணத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டான். கதவிலும் விளக்கிலும் கொடியிலும் அதுதான்.

அவமானமாக இருக்காதோ என்று கேட்டேன். இல்லை, அது அவர்களுக்குப் பெருமை என்றாள். ஒரு சுல்தான் தன்னை ஆயிரம் பொற்காசுக்கு வாங்கினார்கள் என்பதைப் பட்டப்பெயராகவே வைத்திருந்தானாம். இன்னொருவனுக்குக் கண்ணில் ஒரு வெள்ளை இருந்ததால் வாங்கினவன் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். பிறகு மொங்கோலியரை ஓட ஓட விரட்டியது அவன்தான். மம்லூக்குகள் என்று பெயர். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் எகிப்தையும் சிரியாவையும் ஆண்டிருக்கிறார்கள். டெல்லியையும் அப்படி ஒரு அடிமை வம்சம் ஆண்டது என்று எங்கேயோ படித்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடிமையை எதற்கு அரசனாக்கினார்கள் என்று கேட்டேன். அரசர்கள் தங்கள் சொந்தக்காரரை நம்பவில்லை என்றாள். தாய் தகப்பன், ஊர், சாதி என்று ஒன்றுமில்லாதவன்தான் முழுக்க முழுக்க விசுவாசமாக இருப்பான் என்று நினைத்தார்கள். அவன் வாங்கினவனுக்கு விசுவாசமாக இருந்தான். அதைவிடத் தன்னோடு ஒரே படைவீட்டில் வளர்ந்தவர்களுக்கு விசுவாசமாக இருந்தான். வாங்கினவன் செத்ததும் அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து அரண்மனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவள் சாதாரணமாகச் சொன்னாள், பெரியப்பாவும் அப்படித்தானே என்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் அடிமையில்லை. ஒருத்தரும் அவரைக் காசு குடுத்து வாங்கேல்லை. தானாப் போனவர்" என்றேன்.

"அவருக்குப் பதினைஞ்சு வயசு, அப்பா."

மனைவி எழும்பிப் போய்த் தேவையில்லாமல் ரசத்தைச் சூடாக்கினாள். எங்கள் வீட்டில் அண்ணையின் கதை வந்தால் யாராவது ஒருவர் அடுப்படிக்குப் போவது வழக்கம்.

3

அண்ணையின் பெயர் குணராசா. வீட்டில் குணம். எனக்கு இரண்டு வயது மூத்தவர். பதினைந்து வயதில் டியூட்டரிக்குப் படிக்கப் போனவர் அப்படியே இயக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு மாறன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத் தவிர நான்கு வருடத்துக்கு அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒருநாள் இரண்டு பெடியள் வந்து, மாறன் சண்டையில் செத்துவிட்டார் என்று அப்பாவிடம் சொன்னார்கள். பின்னேரம் பெட்டி வந்தது. சீல் வைத்த பெட்டி. திறக்கக்கூடாது, திறந்தால் தாய் தாங்கமாட்டா என்றார்கள். அம்மா பெட்டியின் மேல் விழுந்து கிடந்தா. மகனுக்குத் தகப்பன் கொள்ளி வைக்கிறதில்லை என்று பெரியவர்கள் சொன்னதால், பதினேழு வயதில் நான் கொள்ளி வைத்தேன். பெட்டி பாரமாக இருந்ததும் எரிய நெடுநேரம் எடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. ஈமக்கடன் செய்யும் கீரிமலைத் தீர்த்தத்துக்குச் சண்டையால் போக வழியில்லாத காலம் அது. முப்பத்தோராம் நாள், செத்தவரை வழியனுப்பும் அந்தியேட்டிக் கிரியையைத் திருவடிநிலைக் கடலில் செய்தோம். அடுத்த வருடம் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன்.

நான் பெர்லினுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அண்ணை சைக்கிளில் வீட்டுக்கு வந்தாராம். வாசலில் நின்று தண்ணீர் கேட்டாராம். இயக்கத்தில் ஒரே பெயரில் பலர் இருந்திருக்கிறார்கள். வேறொரு முகாமில் இருந்த இன்னொரு மாறன் செத்ததற்கு எங்கள் வீட்டு விலாசத்துக்குப் பெட்டி வந்திருக்கிறது. அம்மா தண்ணீரைக் கொடுக்காமல் முதலில் அவருடைய கைகளைத் தொட்டுப் பார்த்தாவாம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்களின் சிக்கல் தொடங்கியது. அந்தியேட்டி செய்து முடித்த ஆள் உயிரோடு வந்தால் என்ன செய்வது? எங்கள் குருக்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படி வருகிறவனைப் புதிதாகப் பிறந்த பிள்ளையாக எடுக்க வேண்டுமாம். பழைய நூல்களில் நெய்க்குடத்தில் முழுக்கி எடுக்கச் சொல்லியிருக்கிறதாம். தலையில் நெய் வைத்து முழுக வார்த்து, தாயின் மடியில் தலை வைத்துப் படுக்கவிட்டு, பிள்ளை பிறந்த துடக்குக் கழிப்பதுபோலப் பெயர் வைத்தால் போதும் என்று சுருக்கிச் சொன்னார். அண்ணை சிரித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஆகவே சாத்திரப்படி அவர் செத்தவராகவே இருந்தார். அரசாங்கப் பதிவிலும் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை அவரை இங்கே கூப்பிடலாம் என்று விசாரித்தபோது, இந்தப் பிறப்புச் சான்றிதழும் இந்த மரணச் சான்றிதழும் ஒரே ஆளுடையவையா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அதோடு அந்த விசயம் முடிந்தது.

பெர்லினில் பிறந்தநாள் விழாக்களில், நாலு பேர் கூடியிருக்கும் இடங்களில், உயிரோடிருக்கும் அண்ணனுக்குக் கொள்ளி வைத்த தம்பி என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். நானும் அந்தக் கதையை நன்றாகச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

4

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தம்பி. நல்ல மனிதர், ஆனால் வாயில் சனி.

உயிரோடு வந்த அந்தக் காலத்தில் அண்ணை எங்கள் பக்கத்துக்கு இயக்கத்தின் பொறுப்பாளராக வந்திருந்தார். இருபத்திரண்டு வயது. காணிப் பிணக்கு, வேலிச் சண்டை, சீதனத் தகராறு எல்லாம் அவருக்கு முன்னால்தான் போகும். ஊரிலுள்ள கிழவர்கள் எழும்பி நிற்பார்கள். அவர் மீசைகூட ஒழுங்காக முளைக்காத முகத்தோடு இருந்து, இரண்டு பக்கமும் கேட்டு, ஒரு வசனத்தில் தீர்ப்புச் சொல்லுவார். ஊரை விட்டு வெளியே போவதென்றால் பாஸ் வேண்டும். அந்தப் பாசும் அவரிடம்தான்.

சித்தப்பாவின் மகளுக்குக் கொழும்பில் கலியாணம் பேசியிருந்தது. அண்ணனின் மகன், எங்கடை பிள்ளை என்ற துணிவில் சித்தப்பா போனார். வெளியே வாங்கில் இருந்து அரைநாள் காத்திருந்தார். உள்ளே போகும்போது தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்திருந்தாராம். அதைத்தான் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அண்ணை அவரைச் சித்தப்பா என்று கூப்பிடவில்லை, ஐயா என்றார். உங்களுக்குத் தந்தால் எல்லாருக்கும் தரவேணும் என்றார். பாஸ் கிடைக்கவில்லை. அந்தக் கலியாணம் குழம்பியது.

பிறகு வன்னி, கடைசிச் சண்டை, தடுப்பு முகாம். எல்லாம் முடிந்து அண்ணை ஊருக்கு வந்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. அப்பா செத்துப் போயிருந்தார். மூத்த மகன் செய்யவேண்டிய கடமையைச் சித்தப்பாதான் செய்தார், ஏனென்றால் ஒருவன் வன்னியில், மற்றவன் ஜெர்மனியில். இப்போது அண்ணை லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி ஓடுகிறார். வெங்காயமும் எருவும் ஏற்றுவார். முன்பு எழும்பி நின்றவர்கள் இப்போது கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். அவர் குறைத்துக்கொள்கிறார். கலியாணம் கட்டவில்லை. கடிகாரத்தை மட்டும் இன்னும் இயக்கத்துப் பழக்கப்படி மணிக்கட்டின் உள்பக்கமாகத்தான் கட்டுகிறார்.

ஊரில் அம்மா ஒருத்திதான் அவரைக் குணம் என்று கூப்பிட்டவ. முதல் தரம் கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். அம்மாவுக்கு அது பழகிவிட்டது. இரண்டு தரம் கூப்பிடுவா.

5

போன வருடம் அம்மாவுக்கு ஏலாமல் போய்த் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். நானும் ஆரணியும் போனோம். மனைவிக்கு வேலையில் விடவில்லை. எங்களைக் கண்டதும் அம்மா நலம் விசாரித்தா, ஆரணியின் முகத்தைத் தடவினா, பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னா.

"எனக்குக் குணம்தான் கொள்ளி வைக்கவேணும். நீ கோவியாதை."

உண்மையைச் சொன்னால், எனக்குள் ஏதோ சுருங்கியது. எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். அது என்னுடைய உரிமை. விமானத்தில் முழு வழியும் அதை நினைத்துக்கொண்டுதான் வந்தேன். முப்பது வருடத்தில் ஊருக்கு நான் செய்தது காசு அனுப்பியது மட்டும்தான். இந்த ஒரு காரியத்தையாவது கையால் செய்ய வேண்டும் என்றிருந்தது. ஆனால் அம்மாவுக்கு வேறு கணக்கு. தகப்பனுக்குச் செய்ய அவனுக்குக் கிடைக்கவில்லை, எனக்காவது செய்யட்டும் என்றா. அப்போதுதான் ஊர் அவனை என் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளும் என்றா.

சித்தப்பா ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே தொடங்கிவிட்டார். செத்தவன் செத்தவளுக்குக் கொள்ளி வைக்கிற அநியாயம் எந்த ஊரில் நடந்தது என்று கேட்டார். முறையான இளைய மகன் கடல் கடந்து வந்து நிற்கிறான், பிறகென்ன பிரச்சினை என்று என் தோளில் தட்டினார். நான் அவருக்கு மறுப்புச் சொல்லவில்லை. அண்ணை தூரத்தில் லாண்ட்மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டது.

இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர்மார் சொன்னார்கள். அம்மாவை முன் அறையில் கிடத்தினோம். சித்தப்பா ஒரு வழியும் விடமாட்டார் என்று கண்டதும், அம்மா பழைய குருக்களின் மகனைக் கூப்பிடச் சொன்னா. இப்போது அவர்தான் குருக்கள். நெய்யை வையுங்கோ, பேரை வையுங்கோ, இப்பவாவது செய்யுங்கோ என்றா. நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை வருவதாக அவர் சொன்னார். அண்ணை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெங்காயம் ஏற்றப் போய்விட்டார்.

6

அந்த நாட்களில் ஆரணி பெரியப்பாவோடு ஒட்டிக்கொண்டாள். லாண்ட்மாஸ்டரின் பெட்டியில் ஏறித் தோட்டங்களுக்குப் போய் வந்தாள். அவளுடைய தமிழைக் கேட்டு எனக்குத்தான் கூச்சம். அவர் ஒருமுறையும் சிரிக்கவில்லை.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் அவர் கைகால் கழுவிக்கொண்டிருக்க, அவள் மம்லூக்குகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று கண்ணால் காட்டினேன். அவர் கண்டுவிட்டார். "விடு ரவி, பிள்ளை கதைக்கட்டும்" என்றார்.

அவள் ஒரு நீதிமானின் கதையைச் சொன்னாள். சுல்தானின் பெரிய தளபதிகளை முறைப்படி விடுதலை செய்யவில்லை, ஆகவே சட்டப்படி அவர்கள் இன்னும் அரச கருவூலத்தின் சொத்துத்தான், அவர்கள் செய்யும் ஒப்பந்தம் ஒன்றும் செல்லாது என்று அந்த மனிதர் அடித்துச் சொன்னாராம். தளபதிகள் வாளை உருவிக்கொண்டு அவருடைய வீட்டு வாசலுக்கே வந்தார்களாம். அவர் அசையவில்லை. கடைசியில் அந்தப் பெரிய ஆட்களைச் சந்தியில் நிறுத்தி, ஒவ்வொருவராக ஏலம் போட்டு, விலை கொடுத்து வாங்கி, பிறகுதான் விடுதலை செய்தார்களாம்.

அண்ணை நன்றாகச் சிரித்தார். "எங்களை ஏலம் போடவும் ஆளில்லாமல் போச்சு, பிள்ளை. தடுப்பு முகாமிலை ஒரு கையெழுத்து வாங்கிப்போட்டு, ஒரு தையல் மிசினைத் தந்து அனுப்பினவங்கள். எனக்குத் தைக்கத் தெரியாது."

அதன் பிறகு அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர்களுக்குத் தாய் தகப்பனின் நினைவு இருந்ததோ என்றார். சிலருக்கு இருந்தது என்றாள் ஆரணி. ஒரு சுல்தான் மலைநாட்டுக்கு ஆளனுப்பித் தன் தகப்பனைத் தேடிக் கூப்பிட்டு, நகரத்துக்கு வெளியே போய் எதிர்கொண்டானாம். என்ன கதைச்சவையாம் என்று கேட்டார். அது புத்தகத்தில் இல்லை என்றாள். தகப்பன் பெயர் தெரியாத மற்றவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் ஒரே தகப்பன் பெயர்தான் எழுதுவார்களாம், அப்துல்லா என்று. கடவுளின் அடியவன் என்று அர்த்தமாம். ஆயிரக்கணக்கான பேர், எல்லாரும் அப்துல்லாவின் மகன்.

அண்ணை கால் கழுவுவதை நிறுத்தினார். அவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அடுத்ததாகக் கேட்டார். அந்தப் பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறந்தவர்கள், அதனாலேயே தகப்பனின் இடம் அவர்களுக்குக் கிடைக்காது என்றாள். தகப்பன்மார் பேசியது ஒரு மொழி, பிள்ளைகள் பேசியது அந்த ஊர் மொழி. சிலர் இருந்து சரித்திரம் எழுதினார்கள். அப்ப நீ அதுதான் என்று அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் முகம் சிவந்து, எனக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினாள். எனக்குப் பத்து வருடமாகச் சொல்லத் தெரியாததை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார் என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

7

வெள்ளிக்கிழமை குருக்கள் வந்தார். செம்பில் நெய், புது வேட்டி, மாவிலை எல்லாம் ஆயத்தம். அம்மாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தியிருந்தோம், மடியில் தலை வைக்க வசதியாக. சித்தப்பாவும் வந்திருந்தார். நடக்கட்டும் பார்ப்போம் என்ற முகத்தோடு கதிரையில் இருந்தார்.

அண்ணை குளித்துவிட்டு வந்தார். பாயில் இருக்கவில்லை. நின்றபடியே குருக்களைப் பார்த்துச் சொன்னார்.

"நான் இதுக்கு இருக்கமாட்டன், ஐயா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டா. சித்தப்பா, நான் சொன்னேனே என்பதுபோல என்னைப் பார்த்தார். குருக்கள் இளம் ஆள், பொறுமையானவர். இது ஒரு சின்னக் கிரியைதானே, தாயின் மனம் ஆறும், செய்த அந்தியேட்டி இல்லையென்று ஆகிவிடும் என்றார்.

"அதுதான் ஐயா. அந்த அந்தியேட்டி எனக்குச் செய்தது இல்லை. அந்தப் பெட்டிக்குள்ளை கிடந்த பெடியனுக்குச் செய்தது. அவனுக்கும் மாறன் எண்டுதான் பேர். மட்டக்களப்புப் பக்கம் எண்டு பிறகு கேள்விப்பட்டனான். சொந்தப் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. நானும் தேடிப் பாத்தனான். அவன்ரை தாய் இப்பவும் அவன் வருவான் எண்டு இருக்கிறாவோ தெரியாது. இந்த வீட்டிலை செய்தது மட்டும்தான் அவனுக்கு இந்த உலகத்திலை செய்தது. நீங்கள் இப்ப அதை இல்லையெண்டு ஆக்கினா, அவனுக்கு ஒண்டுமே இல்லை."

ஆரணி என் கையைப் பிடித்தாள். நான் அந்தப் பெட்டியை நினைத்தேன். அதன் பாரம் இன்னும் தோளில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதைக் கேட்ட அத்தனை பேரில் ஒருவர்கூட, அப்படியென்றால் பெட்டிக்குள் இருந்தது யார் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எங்களுக்கு அண்ணை திரும்பி வந்துவிட்டார், அதோடு பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது. அதற்குள் ஒரு பெடியன் கிடந்தான். அவனுக்கு நான் கொள்ளி வைத்திருக்கிறேன்.

அம்மா கண்ணைத் திறந்தா. அவவுக்கு மூச்சு வாங்கியது. மெதுவாகத்தான் சொன்னா, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பிடியெண்டா எனக்கு மூண்டு பெடியள். அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாச்சு. குணத்துக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. அவன் உயிரோடைதானே நிக்கிறான். பிறகேன் நெய்யும் கிய்யும்?"

குருக்கள் செம்பைக் கீழே வைத்தார். தாய் தன் பிள்ளை என்று ஏற்றுச் செய்த கிரியை அந்தப் பிள்ளைக்கே சேரும், அதில் பிழையில்லை என்றார். குணத்துக்குச் செய்யாத அந்தியேட்டியை அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றார். ஏலம் போட்ட அந்த நீதிமானும் இப்படித்தான் நிதானமாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பெடியன் சைவமோ வேதக்காரனோ?" என்று கேட்டார்.

"தெரியாது, சித்தப்பா" என்றார் அண்ணை.

சித்தப்பா வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணை தன்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டதை அவர் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும். போகும்போது, வெங்காயம் ஏற்றி முடிந்தால் நாளைக்கு என் வீட்டுப் பக்கமும் வா, கொஞ்ச எரு கிடக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

8

அம்மா அடுத்த கிழமை போய்விட்டா. சுண்ணம் இடிக்கும் சடங்கு முடிய, ஆரணி சொந்தக்காரப் பேரப்பிள்ளைகளோடு பந்தம் பிடித்தாள். அண்ணை கொள்ளி வைத்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பொறாமை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. அதைவிட, இந்தக் கையால் நான் ஏற்கெனவே ஒருவனுக்குச் செய்துவிட்டேன் என்ற எண்ணம் பெரிதாக இருந்தது. இந்த முறை அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கே போனோம்.

ஆரணி இப்போது மம்லூக்குகளைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். அடிமை என்ற சொல்லைப் பற்றி நாங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறோம். அண்ணை தானாகப் போனார் என்று நான் இப்போதும் சொல்கிறேன். முந்தி மாதிரிச் சத்தமாகச் சொல்வதில்லை. அவளுக்கும் நூலில் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. கேட்டால், பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள்.

இதோ அண்ணையின் அழைப்பு வந்துவிட்டது. யாரோ கைபேசியைச் செத்தை வேலியோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அண்ணையின் முழங்கால், தர்ப்பை, வாழையிலை, குருக்களின் கைகள் மட்டும் தெரிகின்றன. சித்தப்பாவின் குரல் கேட்கிறது, எள்ளு காணாது என்கிறார். குருக்கள் பெயர்களைக் கேட்கிறார். அம்மாவின் பெயரைச் சொல்கிறார் அண்ணை. அப்பாவின் பெயரைச் சொல்கிறார்.

வேறு ஆரும் இருக்கினமோ என்று குருக்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ஓம். ஒருத்தர். மாறன்."

"தகப்பன்ரை பேர்?"

அண்ணை இலையில் கிடந்த தர்ப்பையை நேராக்கினார். எனக்கு அந்த அப்துல்லா ஞாபகம் வந்தது. தெரியாது என்று சொல்வார், குருக்களும் ஏதாவது ஒரு பொதுப்பெயரை வைத்துச் செய்வார் என்று நினைத்தேன்.

"கந்தசாமி" என்றார். அது எங்கள் அப்பாவின் பெயர்.

குருக்கள் மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். அண்ணை எள்ளையும் தண்ணீரையும் கையில் ஏந்தினார். இங்கே மண்டபம் திறக்க மணி அடிக்கிறது. நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பெர்லின் நிலத்தில் வெறுங்காலோடு, அது முடியும்வரைக்கும் நின்றேன்.